சுளகில் பீடி இலை, மாடத்தில் வானொலி

சென்ற பொங்கலுக்கு முன்பு ஊர் வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காகச் சாமான்களையெல்லாம் முற்றத்தில் எடுத்துப் போட்டபோது, அம்மாவின் தகரப் பெட்டிக்குள் அப்பாவின் வானொலி உரிமப் புத்தகம் கிடைத்தது. மடித்த துணிகளுக்கு அடியில், ஒரு பழைய ரேஷன் அட்டைக்குள் செருகியிருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை அஞ்சலகத்தில் பணம் கட்டி வில்லை ஒட்டி முத்திரை வாங்கிய பக்கங்கள் வரிசையாக இருந்தன. வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதற்கு அரசாங்கத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது என்று சொன்னால் என் மகன் நம்ப மறுக்கிறான். எண்பதுகளின் நடுவில் அந்த உரிம முறை நீக்கப்படும்வரை அப்பா ஓராண்டுகூடத் தவறாமல் கட்டிவந்தார். கட்டாதவர்களும் ஊரில் இருந்தார்கள். சோதனைக்கு ஆள் வருகிறது என்று பேச்சு எழுந்தால் அவர்கள் வானொலியை நெல் குலுக்கைக்குள் இறக்கி மூடிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்களைப்போலத் திண்ணையில் வந்து உட்காருவார்கள்.

இணையம் வருவதற்கு முன்பு பொழுதை எப்படிப் போக்கினீர்கள் என்று கேட்டால், என் வயதுக்காரர்கள் பெரும்பாலும் கோலி, பம்பரம், கிட்டிப்புள், ஆற்றுக் குளியல் என்றுதான் தொடங்குவார்கள். அவையெல்லாம் இருந்தன, நானும் ஆடினேன். ஆனால் அது பையன்களின் பொழுது. தாமிரபரணிக் கரையில் இருந்த எங்கள் தெருவில் ஏறக்குறைய எல்லா வீட்டுப் பெண்களும் பீடி சுற்றினார்கள். சமையல், தண்ணீர் எடுப்பது, துணி துவைப்பது போக எஞ்சிய நேரமெல்லாம் பீடிக்குப் போனது. ஓய்வு என்று தனியாக ஒரு நேரம் அவர்களுக்கு வாய்க்கவில்லை. கைக்கு ஓயாமல் வேலை இருந்தது; காது மட்டும் சும்மா இருந்தது. அந்தக் காதைக் கொண்டு அவர்கள் என்னென்ன செய்தார்கள் என்பதை யாரும் எழுதி நான் அதிகம் பார்த்ததில்லை என்பதால், எனக்கு நினைவிருப்பதை எழுதி வைக்கிறேன்.

முதலில் வேலையைச் சொல்ல வேண்டும். பீடி இலையை முந்தின நாள் மாலையே தண்ணீரில் நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பார்கள். மறுநாள் பதமாகிவிட்ட இலைமீது அளவுத் தகரத்தை வைத்துக் கத்தரியால் வெட்டுவார்கள். இலை வெட்டும்போதுமட்டும் கண்ணும் கையும் ஒன்றாக இருக்க வேண்டும். அதனால் அந்த நேரத்தில் பேச்சு குறைவாக இருக்கும். சுளகை மடியில் வைத்துக்கொண்டு சுற்றத் தொடங்கிய பிறகு கண் தேவையில்லை. இடது கையில் இலை, வலது கை விரல்களால் ஒரு சிட்டிகைத் தூள், ஒரு உருட்டு, நுனியை மடக்கி ஒரு குத்து, நூலால் இரண்டு சுற்று. அம்மாவின் விரல்கள் இதைச் செய்யும்போது அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அல்லது அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். ஆயிரம் என்பதுதான் ஒரு நாளின் அளவு. கணக்கை வாய்விட்டு எண்ண மாட்டார்கள். கை நிறைந்ததும் விரல்களுக்கே இருபத்தைந்து என்று தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வீடு தனித்தனியாக உட்கார்ந்து சுற்றலாம்தான். ஆனால் காலைச் சமையல் முடிந்ததும் நான்கைந்து பேர் தங்கள் சுளகுகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு நடைக்கு வந்துவிடுவார்கள். எதிர்வீட்டு மதினி, மேலத்தெரு ஆச்சி, ஒரு சித்தி, கல்யாணத்துக்குக் காத்திருந்த ஒரு அக்கா. எங்கள் வீட்டில்தான் வானொலி இருந்தது. நடைச் சுவரில் விளக்கு வைப்பதற்காக விட்டிருந்த மாடத்தில், தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர் ஒன்று, நான்கு கட்டைப் பேட்டரியில் ஓடியது.

அதில் அவர்கள் அதிகம் கேட்டது இலங்கை வானொலியைத்தான். இதற்கு ரசனை மட்டும் காரணமில்லை. எங்கள் பக்கத்திலிருந்து நேர்கோடு போட்டால் கொழும்பு ஏறக்குறைய 300 கிலோமீட்டர். சென்னையோ 550 கிலோமீட்டருக்கும் மேல். மத்திய அலை வானொலி நிலத்தைவிட உப்புத் தண்ணீரின்மேல் வலுக்குறையாமல் போகக்கூடியது. நடுவே மன்னார் வளைகுடா கிடந்தது. இருட்டிய பிறகு மேல்வான அடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகளும் சேர்ந்துகொள்ள, தலைநகரத்தைவிட அயல்நாடு தெளிவாகக் கேட்டது. அந்த நிலையத்துக்கு ஒரு முன்கதையும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது நேசப்படைகளின் தென்கிழக்கு ஆசியக் கட்டளையகம் அந்தத் தீவில் நிறுவிய வலுவான ஒலிபரப்புக் கருவிகள் போருக்குப்பின் இலங்கை வானொலியின் கைக்கு வந்தன. இந்தியாவிலோ 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று அகில இந்திய வானொலியில் அதை ஒதுக்கினார். பாட்டுக் கேட்க விரும்பிய கூட்டம் முழுவதும் கொழும்பின் பக்கம் போய்விட்டது. அதைத் திரும்ப இழுப்பதற்காகவே 1957 அக்டோபரில் விவித் பாரதி என்ற பாட்டுச் சேவை அகில இந்திய வானொலியில் தொடங்கப்பட்டது. ரசனையைத் திருத்த வந்த அமைச்சர், அடுத்த நாட்டுக்கு இரண்டு தலைமுறை நேயர்களைச் சேர்த்துக் கொடுத்தார் என்பது என் எண்ணம்.

இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனன் குரலை அம்மா தன் கல்யாணத்துக்கு முன்பே கேட்டவள். எங்கள் நடைக்கு வந்தவை கே.எஸ். ராஜாவின் வேகமும், இராஜேஸ்வரி சண்முகத்தின் நிதானமும், பி.எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பும். இவர்களில் யாருடைய முகத்தையும் அந்தப் பெண்கள் பார்த்ததில்லை. ஆனால் ஒருவருக்குச் சளி பிடித்திருந்தால் உடனே தெரிந்துவிடும். “இன்னைக்கு அந்தத் தம்பிக்குத் தொண்டை கட்டியிருக்கு” என்று ஆச்சி சொல்லுவாள், ஏதோ பக்கத்துத் தெருப் பையனைச் சொல்வதுபோல. காலையில் பொங்கும் பூம்புனல், பிறகு பிறந்தநாள் வாழ்த்து. வாழ்த்து நிகழ்ச்சியில் பாட்டைவிட உறவுமுறைப் பட்டியல்தான் அவர்களுக்கு முக்கியம். எந்தக் குழந்தைக்கு எத்தனை மாமா, அப்பப்பா எந்த ஊர், அம்மம்மா எந்த ஊர் என்று கேட்டு, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருந்த குடும்பங்களை இவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். 1983 ஜூலையில் இலங்கைத் தமிழர்மீது நடந்த வன்முறை பற்றிய செய்திகள் வந்தபோது அந்தப் பெயர்கள்தான் முதலில் அவர்களுக்கு நினைவுக்கு வந்தன. போன மாதம் வாழ்த்து வாங்கிய அந்தக் கொழும்பு வெள்ளவத்தைப் பிள்ளை என்ன ஆனாளோ என்று மதினி கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை.

பேட்டரி விலை அதிகம் என்பதால் வானொலி நாள் முழுவதும் பாடாது. அம்மா அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தாள். பாட்டு நேரத்தில் திறப்பாள். யாராவது நீளமாக உரையாற்றத் தொடங்கினால் மூடிவிடுவாள். குரல் கம்மத் தொடங்கினால் பேட்டரிகளைக் கழற்றி மொட்டை மாடி வெயிலில் காயவைப்போம். இரண்டு மூன்று நாள் கூடுதலாக ஓடும். அதற்குப் பிறகு சனிக்கிழமைக் கூலிக்குக் காத்திருக்க வேண்டும்.

இந்தப் பேட்டரிக் கணக்கு ஒருமுறை காலை வாரிவிட்டது. நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது, ஐந்து பேரும் சேர்ந்து திருநெல்வேலி வானொலிக்கு நேயர் விருப்ப அஞ்சலட்டை ஒன்று போடுவது என்று முடிவாயிற்று. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னை எழுதச் சொன்னார்கள். பெயர்களை எந்த வரிசையில் எழுதுவது என்பதிலேயே அரை நாள் போயிற்று. வயதுப்படி எழுதினால் ஆச்சி முதலில் வருவாள். வீட்டுக்காரி என்ற முறையில் அம்மாதான் முதல் என்று சித்தி சொன்னாள். யோசனையைச் சொன்னவளே தான்தான் என்றாள் மதினி. அட்டையைப் பெட்டியில் போட்டபின் ஐந்து வாரம் கேட்டோம். ஆறாவது வாரம் அறிவிப்பாளர் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார். அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் நின்றதை அன்றுதான் நான் பார்த்தேன். முதல் பெயரின் முதல் எழுத்து வந்தது. அதோடு குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோல இறங்கி, கரகரத்து, அடங்கிவிட்டது. அம்மா மாடத்தின்மேல் காதை வைத்தாள். சித்தி பேட்டரி மூடியைத் திறந்து உருட்டிப் பார்த்தாள். நான் டீக்கடைக்கு ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பாட்டு தொடங்கியிருந்தது. பெயரெல்லாம் வாசித்தார்கள் என்று டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சொன்னார். வரிசையை அவர் கவனிக்கவில்லை. அந்த ஐந்து பேரில் இப்போது மூவர் இருக்கிறார்கள். யார் பெயர் முதலில் வந்தது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

வீட்டில் கடிகாரம் கிடையாது என்பதால் நேரமும் வானொலியில்தான் இருந்தது. காலை ஏழேகாலுக்கு டில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வந்தால் நான் குளித்திருக்க வேண்டும். சரோஜ் நாராயணசுவாமி செய்தியை முடிப்பதற்குள் சாப்பிட்டிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையின் பெரிய நிகழ்வு ஒலிச்சித்திரம். ஒரு முழுப் படத்தை வசனமும் பாட்டுமாகச் சுருக்கி ஒலிபரப்புவார்கள். அன்றுமட்டும் நடையில் இடம் இருக்காது. முற்றம்வரை சுளகுகள் வந்துவிடும். சண்டைக்காட்சியில் வெறும் சத்தம் வரும்போது, யார் யாரை அடிக்கிறார்கள் என்பதை ஆளாளுக்கு முடிவு செய்துகொள்வோம். இப்படிக் காதால் பார்த்த படங்கள் பின்னால் ஊருக்கு வெளியே இருந்த டூரிங் கொட்டகைக்கு வந்தபோது, எனக்குப் பல நேரம் ஏமாற்றமாக இருந்தது. நான் மனத்தில் கட்டி வைத்திருந்த பண்ணையார் வீடு, திரையில் இருந்ததைவிடப் பெரியது.

வானொலி மூடியிருக்கும் நேரத்தில் என் முறை வரும். அந்தக் கூட்டத்தில் சரளமாக வாசிக்கத் தெரிந்தவர் கல்யாணத்துக்குக் காத்திருந்த அக்கா ஒருத்திதான். அவள் வாசித்தால் அவளுடைய பீடி நின்றுவிடும். ஆகவே பள்ளி விட்டு வந்ததும் நான் பிடிபடுவேன். குமுதமோ ராணியோ ஏதாவது ஒரு வார இதழ், நான்கு வீடு கடந்து அட்டை கசங்கி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். நடையின் நடுவில் என்னை உட்காரவைத்து, “ஏல, விடாம வாசிக்கணும், ரெண்டு பக்கத்தச் சேத்துப் புரட்டாத” என்று சொல்லிவிட்டு எல்லோரும் குனிந்துகொள்வார்கள். கூலியாக ஒரு கை வறுத்த நிலக்கடலை கிடைக்கும். காதல் காட்சிகளை அம்மா முன்னால் உரக்க வாசிக்கக் கூச்சப்பட்டு இரண்டு வரியைத் தாண்டிவிட்டால், கதை எங்கோ தட்டுகிறது என்று ஆச்சி கண்டுபிடித்துவிடுவாள். “அவ எப்படி அதுக்குள்ள ரயிலடிக்குப் போனா?” என்பாள். திரும்பிப் போய் வாசிக்க வேண்டும். எழுத்தறியாத ஒரு கிழவியிடம் நான் கற்ற அளவுக்குக் கதைக்கட்டு பற்றி எந்த வகுப்பிலும் கற்கவில்லை.

இது எங்கள் வீட்டு வழக்கம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். கேரளத்தின் கண்ணூர்ப் பக்கத்துப் பீடிப் பட்டறைகளில் செய்தித்தாள் வாசிப்பதற்கென்றே ஒருவரை உட்காரவைத்து, அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பகிர்ந்து சுற்றிக் கொடுத்தார்கள் என்று பின்னால் அறிந்தேன். கியூபாவின் சுருட்டு ஆலைகளில் 1865 முதலே வாசிப்பாளர்கள் இருந்திருக்கிறார்கள். புகையிலை எங்கே கையால் சுற்றப்பட்டதோ அங்கெல்லாம் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டிருக்கிறார்கள் போலும். ஒரு வேறுபாடு உண்டு. அங்கே ஆண்கள் பட்டறையில் அரசியல் கேட்டார்கள். அது சங்கமாகவும் போராட்டமாகவும் வளர்ந்தது. இங்கே பெண்கள் வீட்டு நடையில் தொடர்கதை கேட்டார்கள். அது குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கழிவு என்று சொல்லிப் பீடியை வாங்கும் கடையில் கட்டுக் கட்டாக ஒதுக்கித் தள்ளி, அதற்குக் கூலி தராமல் அந்தப் பீடியையும் எடுத்துக்கொண்டபோது, ஒரு கூட்டமாகப் போய்க் கேட்கும் பழக்கம் அவர்களுக்கு வாய்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தொடர் முடிந்ததும் பைண்டிங் நடக்கும். வாராவாரம் கிழித்து அரிசிப் பானைக்குப் பின்னால் பத்திரப்படுத்திய பக்கங்களை அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, மைதா காய்ச்சிய பசையில் பழைய நாட்காட்டி அட்டையை ஒட்டினால் புத்தகம் தயார். தமிழ்நாட்டில் இப்படித் தைத்த புத்தகங்கள் எத்தனை வீடுகளில் இருந்தன என்பதற்குக் கணக்கே இராது. 1950இல் தொடங்கி 1954 வரை கல்கி இதழில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ தைத்த கட்டாகவே பல வீடுகளில் கைமாறியது. இவற்றில் எனக்குப் பிடித்தது கதையின் பின்பக்கம். தொடர் ஒரு பக்கத்தில் முடிந்தால், அதன் மறுபக்கத்தில் வேறொரு சிறுகதையின் நடுப்பகுதி, பாதிச் சமையல் குறிப்பு, தலைமுடித் தைல விளம்பரம் எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். தலையும் வாலும் இல்லாத அந்தக் கதைத் துண்டுகளையும் நான் வாசிப்பேன். பெண்கள் முன்பின்னைத் தாங்களே கட்டிச் சேர்த்துக்கொள்வார்கள். ஒரு வத்தக்குழம்புக் குறிப்பு புளி கரைப்பதோடு நின்றுபோயிருந்தது. மதினி அதை முடித்து வைத்துவிட்டாள். அந்தக் குழம்பு எங்கள் வீட்டில் இன்றும் உண்டு.

ஊரில் கிளை நூலகம் ஒன்று இருந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் வாங்கித்தான் இந்த நூலகங்கள் நடக்கின்றன. அதாவது பீடிக் காசிலிருந்தும் அதற்கு ஒரு பங்கு போயிற்று. ஆனால் அங்கே ஒரு பெண் உட்கார்ந்து வாசித்ததை நான் பார்த்ததில்லை. ஆண்களுக்கு நூலகம், டீக்கடை, ஆற்றுப் பாலத்துக் கட்டைச் சுவர், இரவில் சிற்றலையில் பி.பி.சி. தமிழோசை, இரண்டாம் ஆட்டம் சினிமா என்று போகிற இடங்கள் இருந்தன. அப்பாவும் அவற்றுக்கெல்லாம் போனவர்தான். இந்தக் காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அன்றைக்கு எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது என்று ஏங்கும்போது, யாருக்கு இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

கை முற்றிலும் சும்மா இருந்த நாள்களும் ஆண்டில் சில உண்டு. சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் கண்விழிக்கச் சிமெண்டுத் தரையில் கரித்துண்டால் கட்டம் கிழித்துத் தாயம் உருட்டுவார்கள். பீடியில் பழகிய அம்மாவின் விரல்கள் பித்தளைத் தாயக்கட்டையை உருட்டினால் பன்னிரண்டு கேட்டால் பன்னிரண்டு விழும் என்று தெருவில் ஒரு பேச்சு இருந்தது. எதிராளிகள் அதற்காகவே அவளைக் குவளையில் போட்டுக் குலுக்கச் சொன்னார்கள்.

எண்பதுகளில் தொலைக்காட்சி வந்தது. எங்கள் பக்கத்துக்கு அதுவும் முதலில் இலங்கையிலிருந்தே வந்தது. 1982 பிப்ரவரியில் தொடங்கிய ரூபவாகினியைப் பிடிப்பதற்காக உயரமான இரும்புக் குழாய்களில் ஆன்டெனாவைக் கட்டித் தென்கிழக்கே திருப்பி வைத்தார்கள். கொடைக்கானல் ஒளிபரப்பு வந்த பிறகு அந்த ஆன்டெனாக்கள் வடக்கே திரும்பின. வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும், ஞாயிறு மாலைப் படம் என்று எங்கள் நடையில் இருந்த கூட்டம் பெட்டி வாங்கிய வீட்டுக்கு இடம்பெயர்ந்தது. சுளகும் கூடவே போயிற்று. அங்கேதான் சிக்கல் தொடங்கியது. கண் திரையில் நின்றுவிட்டால் கை மெதுவாகிறது. தூள் கூடுகிறது அல்லது குறைகிறது. நுனி மடக்குச் சரியாக விழுவதில்லை. வெள்ளிக்கிழமை சுற்றிய கட்டுகளில்தான் கழிவு அதிகம் என்று கடைக்காரரே சொல்லத் தொடங்கினார். வானொலியோடு ஆயிரம் சுற்றிய அம்மாவுக்குத் தொலைக்காட்சியோடு எண்ணூறு தாண்டவில்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டு, தன் சுளகோடு வீட்டுக்குத் திரும்பி வந்து மாடத்தில் பேட்டரி மாற்றினாள். மற்றவர்கள் திரும்பவில்லை. அவர்கள் பீடியைக் குறைத்துக்கொண்டார்கள் அல்லது தூக்கத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

இப்போது அம்மா பீடி சுற்றுவதில்லை. புகையிலைத் தூள் நெஞ்சில் இறங்கிய இருமல்மட்டும் மிச்சமிருக்கிறது. சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது சுளகில் மொச்சைக்காய் உரித்துக்கொண்டு, நான் வாங்கிக் கொடுத்த கைபேசியில் பழைய பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பாட்டு முடிவதற்குள் இரண்டு முறை காயைக் கீழே வைத்துவிட்டு, ஈர விரலை முந்தானையில் துடைத்துத் திரையைத் தட்டினாள். என்னவென்று கேட்டேன். திரை அணைந்தால் பாட்டும் நின்றுவிடுகிறதாம். “இது என்னல, பாட்டுக் கேக்கணும்னா அதையே பாத்துக்கிட்டு இருக்கணும்ங்குது” என்றாள். அணையாமல் இருக்க ஏதோ அமைப்பை மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் காலை மின்னூட்டம் தீர்ந்து கிடந்தது. அம்மா அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, மாடிப்படியின் பக்கம், வெயில் விழுகிற இடத்தை ஒருமுறை பார்த்தாள்.